மொட்டையோடு போன போர்வை

அன்புள்ள பட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு அந்த இருமல் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாயே, அப்படி இல்லாமல் சாப்பிட்டாயா தூங்கினாயா குளிருக்குக் காலுறை போடுகிறாயா என்பதை வாக்கியமாக எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் நீ போனை வைத்துவிட்டதால்தான் கடிதமாக எழுதுகிறேன், கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்பாவோடு வேலை பார்க்கிற அக்கவுண்டண்ட் மாமா உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறார், அவர் கையில் உன் போர்வையைக் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, போர்வை வராது, இந்தக் கடிதம்தான் வரும். மொட்டையும் நம் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், கோபப்படுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டுப் படு.

நீ வீடியோவில் பார்த்தது அவன் நம் சோபாவில் மல்லாந்து கிடக்கிற அழகை மட்டும்தான். வந்தபோது உடம்பெல்லாம் சொறி, நாய்க் காப்பகத்தில் ஒட்டச் சிரைத்து அனுப்பியிருந்தார்கள், நீதான் மொட்டை என்று பெயர் வைத்தாய், இப்போது முடி வளர்ந்து சோபா முழுக்க உதிர்ந்தாலும் பெயர் மட்டும் போகவில்லை. அவனை நாம் வளர்க்க எடுக்கவில்லை பட்டு, ஒரு வீடு கிடைக்கிறவரை வைத்துக்கொள்ளத்தான் எடுத்தோம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கீழ்வீட்டு நர்ஸ் என்னிடம் "வீட்ல சும்மாதானே இருக்கீங்க, ஒரு நாயைக் கொஞ்ச நாள் வெச்சுக்கோங்களேன்" என்றாள். அவள் மிருக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், காப்பகத்துக்கும் போய்வருகிறவள். அந்தச் சும்மா என்ற வார்த்தைக்கு ரோஷப்பட்டுத்தான் முதல் நாயை எடுத்தேன், மொட்டை நான்காவது. அவனை முன்பே இரண்டு வீட்டில் கொடுத்து இரண்டு வீட்டிலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் வீட்டில் சோபாவைக் கடித்தானாம், இரண்டாவது வீட்டில் சாப்பிடவே மாட்டேன் என்று படுத்துக்கொண்டானாம். மூன்றாவது தடவையும் திரும்பி வந்தால் இனி வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், கம்பிக்கூண்டுதான் கடைசிவரைக்கும். இதை உன்னிடம் சொல்லவில்லை, நீ அழுவாய் என்று.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் சனிக்கிழமை கைவேலைச் சந்தை கூடும் என்று சொல்லியிருக்கிறேனே, அங்கேதான் இப்போது என் பொழுது போகிறது. குரோஷா ஊசியில் பின்னுகிற பெண்கள் நாலைந்து பேர் ஒரு மூலையில் உட்காருவோம், உன் போட்டோவைக் காட்டினால் தங்கையா என்கிறார்கள், கல்லூரி முடித்த கையோடு பெற்றுக்கொண்டேன் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் அந்தச் சந்தை பிடிக்காது, "போன தடவை வாங்கின மண் கோப்பையில இன்னும் ஒரு வாய் டீ குடிக்கல, அதுக்குள்ள அடுத்ததா" என்பார். எங்களுக்கு எதிரே மர பொம்மை செய்கிற ஒருவர் கடை போடுவார், பெயிண்ட் அடிக்காத ரயில், தலையாட்டும் வாத்து, தடவினால் கையை எடுக்க மனசு வராது. எந்த ஆண்பிள்ளையைப் பார்த்தாலும் குரைக்கிற மொட்டை அவர் மேஜைக்கு அடியில் போய் மரச்சுருளில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கினான். அவர் மனைவிதான் கேட்டாள், எங்களுக்குக் கொடுப்பீர்களா என்று. நான் பால்கனி எவ்வளவு உயரம், வார்னிஷ் எங்கே வைப்பீர்கள், வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமா என்று கேட்டுத் துளைத்துவிட்டேன். அவள் பக்கத்தில் நின்ற உன் அப்பாவிடம் "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் இப்படித்தான் கேப்பாங்களா?" என்று கேட்க, அவர் "அதுக்கு இவ்ளோ கேக்க மாட்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடுப்பதென்று முடிவான பிறகுதான் தப்பு நடந்தது. நாயை வேறு வீட்டுக்கு அனுப்பும்போது அது படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்ப வேண்டும், பழகிய வாசனை ஒன்றாவது அங்கே இருக்க வேண்டும் என்பது காப்பகத்தின் வழக்கம். நர்ஸ் சொன்னாள், நானும் தலையாட்டினேன். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் விரிப்பை எடுத்துப் பார்க்கிறேன், முடியும் எச்சிலும் குழம்புக் கறையுமாக இருக்கிறது, இதை இன்னொருத்தர் வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது, பிள்ளையை எப்படிப்பட்ட வீட்டில் வைத்திருந்தார்கள் என்று நினைக்க மாட்டார்களா? இரண்டு தடவை துவைத்தேன், வாசனைத் திரவம் ஊற்றினேன், இஸ்திரியும் போட்டேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், இப்போது "நான் அப்பவே நினைச்சேன்" என்கிறார், நினைத்ததை அப்போதே சொன்னால் என்னவாம்.

அங்கே போய் அந்த விரிப்பை ஒரு தடவை முகர்ந்தானாம், நகர்ந்து போய் வாசல் கதவைப் பார்த்துப் படுத்துக்கொண்டானாம். சோறு தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. பொம்மைக்காரர் மனைவி மரியாதையாகத்தான் போனில் சொன்னாள், ஆனால் குரலில் பயம் இருந்தது. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னேன். நீ "போய்க் கூட்டிட்டு வாம்மா" என்று கத்தினாய், பிறகு "உனக்கு எல்லாரையும் அனுப்பி வைக்க மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு அனுப்பி வைக்கவும் தெரியவில்லை பட்டு, தெரிந்திருந்தால் துவைத்திருப்பேனா?

நீ வைத்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கழுத்துப்பட்டையோடு கிளம்பிவிட்டேன், கூட்டிக்கொண்டு வரத்தான். படியில் நர்ஸ் எதிரே வந்தாள், கையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "கூட்டிட்டு வந்தா நல்லா சாப்பிடுவான்கா, அதுல சந்தேகமே இல்ல. அடுத்த வருஷம் அண்ணனுக்கு இங்க வேலை முடிஞ்சு நீங்க கிளம்பறப்ப யார்கிட்ட விடுவீங்க?" என்றாள். அடுத்து எந்த ஊர் என்று நமக்கே தெரியாது, உன் ஹாஸ்டலில் ஒரு மீன் தொட்டிக்கே அனுமதி இல்லை. அவளே, "துவைக்காதது ஒண்ணுகூடவா இல்ல உங்க வீட்ல?" என்று கேட்டாள். இல்லை. அவன் போன அன்றே சோபா உறை, திரைச்சீலை, அப்பாவின் காலுறை வரைக்கும் அழுதுகொண்டே துவைத்துப் போட்டிருந்தேன். ஒன்றே ஒன்று மிச்சம், நாற்காலிக்குப் பக்கத்துப் பையில் உன் போர்வை. பின்னி முடித்துத்தான் துவைப்பது, அதற்கு இன்னும் ஒரு பக்கம் ஓரம் கட்டவில்லை. நான் பின்னப் பின்ன அவன் அதன் மறுமுனையில் படுத்துக்கிடப்பான், போர்வை நீள நீள அவனுக்கு இடம் கூடிக்கொண்டே வந்தது. நீ கேட்ட நீலமும் கடுகு மஞ்சளும். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிறகு நூலை வெட்டி முடிச்சுப் போட்டுப் பையோடு எடுத்துக்கொண்டேன், கழுத்துப்பட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

பொம்மைக்காரர் வீட்டில் என்னைக் கண்டதும் அவன் குதித்த குதியைச் சொல்லப் போவதில்லை. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதவுக்கும் எனக்கும் நடுவில் ஓடினான். நான் வேலை மேஜைக்கு அடியில் மரச்சுருள் மேல் போர்வையை விரித்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பொம்மைக்காரர் தன் பாட்டுக்கு ஒரு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக வந்தான், முகர்ந்தான், சுற்றிச் சுற்றி வந்து மூக்கை உள்ளே செருகிக்கொண்டு படுத்தான். அவள் தட்டை வைத்தாள், படுத்தபடியே தின்றான், மஞ்சள் பக்கமெல்லாம் குழம்பு. "துவைச்சிடாதீங்க" என்றேன், "யாரு சொல்றாங்க பாருங்க" என்று அவள் சிரித்தாள். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தான், திரும்பவும் வைத்துக்கொண்டான். வெளியே படியில் ரொம்ப நேரம் நின்றேன், கதவை நகத்தால் கீறுவான் என்று. கீறவில்லை.

அதற்குப் பிறகு வேளைக்குச் சாப்பிடுகிறானாம், அவள் போட்டோ அனுப்பினாள், இதோடு வைத்திருக்கிறேன். லீவுக்கு வரும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அதுவரை அவர்களுக்குப் போன் செய்து அவனைக் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் மறுபடி வாசலில் படுப்பான். நீயும் பரீட்சை நேரத்தில் பட்டினி கிடக்காதே, குளிர் காற்றில் தலை காயாமல் வெளியே போகாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்க வேண்டும், அவ்வளவுதான் நானும் அப்பாவும் கேட்பது. உன் போர்வைக்குப் புது நூல் வாங்கி ஆரம்பித்துவிட்டேன், அதே நிறம்தான். முடித்ததும் துவைத்து அனுப்பட்டுமா, அப்படியே அனுப்பட்டுமா என்று மறக்காமல் எழுது.

உன் மேல் கோபமே இல்லாத,
அம்மா