பதினாறு படிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? இப்போது நானும் உங்கள் கட்சிதான். ஓட்டலில் குளியலறை கழுவும்போது வழுக்கி, முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டது. தொடையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பயப்படாதீர்கள், மூன்று வாரம் ஓடிவிட்டது. சாக்ஸ் மாட்டுவதற்குள்தான் வேர்த்துக் கொட்டுகிறது.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா, "உங்க வீட்ல எத்தனை படி?" என்று கேட்டார். யோசிக்காமல் பதினாறு என்றேன். அன்றிலிருந்து ஊன்றுகோலோடு பதினாறு படி ஏற வைக்கிறார்.

"கையைப் பிடிச்சுக்க ஆள் இருக்கா?"

"அப்பா இருக்கார்."

நம் மாடிப்படி பதினாறுதானா? எண்ணி எழுதுங்கள். ஏற வேண்டாம், கீழே நின்றே எண்ணுங்கள்.

இந்த ஊரில் நான் குடியிருக்கும் அறை தரைத்தளம். வாசலில் ஒரு படிகூடக் கிடையாது.

கூப்பிடுகிறார்கள். ஏறிவிட்டு வருகிறேன், அப்பா.

உங்கள் மகள்