நாளைக்கு ‘முதல்லேர்ந்து’ என்று சொல்லாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், நீ நலமாக இல்லை என்பது உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன், நாளை சாயங்காலம் ஒத்திகைக்குப் போவதற்குள் முழுதாகப் படித்துவிடு. அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, படுத்தபடியே வீட்டை ஆள்கிறார். தம்பி பல்லுக்குக் கம்பி போட்டதிலிருந்து வாயைத் திறப்பதில்லை, வீடு அமைதியாக இருக்கிறது. “டிரம்ஸ்காரன்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறான், அவனைக் குழுவிலிருந்து நிறுத்தப் போகிறேன், நீயே கேள்” என்று உன் இசைக்குழுவின் ஒத்திகையைப் பதிவு செய்து அனுப்பினாயே, துணி மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டேன். நீ கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். வயலின் லேசாகப் பிசகினாலும் கைதட்டி நிறுத்துகிறாய், எங்கே பிசகியது என்று சொல்வதில்லை, “திரும்ப முதல்லேர்ந்து” என்கிறாய். பாட்டின் தொடக்கம் இப்போது எனக்கே மனப்பாடம், முடிவை நீ கடைசிவரை வாசிக்க விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையடி கண்ணு! ரெக்கார்டரை டிரம்ஸ் பக்கத்தில் வைத்திருந்தாய் போல, அவன் முணுமுணுத்ததும் விழுந்திருக்கிறது, “நம்ம இடம் வர்றதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்.” கீபோர்டுக்காரி சிரித்துவிட்டு, “நாளைக்கு நான் வரல, மகாராணியே தனியா முதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்” என்கிறாள். அவனை நீ அனுப்பினால் அவளும் போவாள், அவள் பின்னால் வயலினும் போகும், அப்புறம் மேடையில் நீ மட்டும்தான்.

இன்னொன்று, எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் கை ஓடவில்லை. நீ கோபமாகக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாய் அல்லவா, ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் குச்சியைத் தட்டி, “வாங்க, கடைசிப் பகுதியப் பாத்துடலாம்” என்றான். வாசித்தார்கள். வயலின் தடுமாறியது, யாரும் நிறுத்தவில்லை, அவன் தாளத்தை விடாமல் மெதுவாக அடித்துக் காத்திருந்தான், வயலின்காரி வந்து சேர்ந்துகொண்டாள், முடித்தார்கள். சிரித்துக்கொண்டே மறுபடியும் வாசித்தார்கள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது, சட்டென்று எல்லாம் நின்றுபோனது. நீ உள்ளே வந்திருக்கிறாய். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், அம்மா என்று வேண்டாம், அக்கா சொன்னதாக எடுத்துக்கொள். அவனை வரவேண்டாம் என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருப்பதாகச் சொன்னாயே, அந்த மெசேஜை அழித்துவிடு. நாளைக்கு முடிவிலிருந்து ஆரம்பி, பிசகினாலும் விட்டுவிடு, முடிந்ததும் எந்த இடம் என்று மட்டும் சொல். கைதட்டாதே. வெறும் வயிற்றோடு போகாதே, பசி வந்தால் நீ யாரென்று எனக்குத் தெரியும்.

நீ கதவைத் திறந்து உள்ளே வரும்போதும் அவர்கள் வாசிப்பதை நிறுத்தாமல் இருக்க வேண்டும், அதுவே என் ஆசீர்வாதம்.

உன் போனுக்காக விழித்திருக்கும்,
அம்மா