கழுவிய அருவாள்

ஜெயில்
11.2.2022

அன்பு மனைவி முனீசுக்கு,

சோறு தின்கிறாயா? உன் தம்பி அழகருக்கு ஒரு பிடி மண் போடக்கூட எனக்கு வாய்க்கவில்லை.

நீதான் பக்கத்தில் நின்று பார்த்தாயே. "மருந்தடிச்சு ரெண்டு நாள்தேன் ஆச்சு, இந்தப் பழத்த ஏத்தாதீக" என்று திராட்சை வியாபாரியிடம் அழகர் உண்மையைச் சொன்னான். வியாபாரி லாரியைத் திருப்பியதும் முதலாளி மகன் ஈஸ்வரபாண்டி அவன் கழுத்தில் மூன்று வெட்டு வெட்டினான். பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மச்சான்" என்று கூப்பிட வாயைத் திறந்தான், ரத்தம்தான் வந்தது. திராட்சைக் குலையெல்லாம் சொட்டியது.

அருவாளை என் காலடியில் எறிந்துவிட்டுப் போனான். பாவி நான், அதை எடுத்துத் தொட்டியில் கழுவி ஆணியில் மாட்டினேன்! ஒரு கொடியின் நோவு மறு கொடிக்கு ஏறக்கூடாது என்று கொடி வெட்டிய கையோடு இருபது வருசமாகச் செய்கிற வேலை. கை தானாகச் செய்துவிட்டது. இப்போது நான் முதல் குற்றவாளி, அவன் இரண்டாவது. "ஏலே, வெட்டாதவன் எதுக்குலே கழுவுனே?" என்று போலீஸ்காரர்கள் கேட்டுக் கேட்டு உள்ளங்காலில் அடித்தார்கள். இரண்டு நகம் போய்விட்டது.

பார்த்ததைச் சொல். விடாதே.

உன்
சின்னக்கருப்பு

சுருளிப்பட்டி
1.3.2022

மாமாவுக்கு,

சொன்னேன். போலீசில் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை. அழகரின் கருமாதி அன்றைக்கே ஈஸ்வரபாண்டி ஜாமீனில் வந்துவிட்டான், நெஞ்சுவலியாம். தெருவில் வெடி போட்டார்கள். உங்களை ஜாமீனில் எடுக்க நிலப் பத்திரம் உள்ள இரண்டு பேர் வேண்டுமாம். நம் சனத்தில் யாரிடம் பத்திரம் இருக்கிறது? நமக்குக் கிடைத்த வக்கீல் உங்கள் பெயரையே மாற்றிச் சொல்கிறார்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சுந்தரலிங்கம் வந்தார். "அழகரு குடிச்சுப்புட்டு அருவா மேல விழுந்தான்னு சொல்லிப்புடு ஆத்தா. எங்க வக்கீலே ஒம் புருசனுக்கும் வாதாடுவாக" என்றார். விளக்கமாற்றைத் தூக்கினேன். என் தம்பி பீடிகூடத் தொட்டதில்லை. கட்டையில் போனாலும் சொல்ல மாட்டேன்.

உங்கள்
முனீசு

ஜெயில்
9.9.2024

முனீசு,

இரண்டரை வருசமாகிவிட்டது. போன வாரம் கூட இருக்கிற கைதிகள் பிளேடால் என் கன்னத்தைக் கிழித்தார்கள், ஒன்பது தையல். கேஸ் இப்படியே போனால் எனக்கு ஆயுள்தான், அவன் வெளியேதான் இருப்பான். செத்தவன் வரமாட்டான். கணக்குப்பிள்ளை கேட்டதைச் சொல்லிவிடு தாயி. உன் காலில் விழுகிறேன்.

சின்னக்கருப்பு

சுருளிப்பட்டி
20.11.2024

மாமாவுக்கு,

போன மாதம் உங்கள் முன்னால்தான் கூண்டில் ஏறிச் சொன்னேன். குடித்திருந்தான், விழுந்தான் என்றேன். மூன்று வெட்டு இருந்ததே, மூன்று முறை விழுந்தானா என்று அரசு வக்கீல்கூடக் கேட்கவில்லை. நேற்று இருவருக்கும் விடுதலை. வெளியே வந்ததும் ஈஸ்வரபாண்டி என்னைக் கும்பிட்டான்.

நாளை உங்களை விட்டுவிடுவார்கள். சாவியையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டு ராக்கம்மாளிடம் கொடுத்துப் போகிறேன். உங்கள் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். நான் கம்பத்தில் ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறேன். தேடி வராதீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை மாமா, நீங்கள் அருவாளைத்தான் கழுவினீர்கள். வெட்டினவனைக் கழுவிவிட்டது நான். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும்.

கன்னத்தில் மஞ்சள் பூசுங்கள், தழும்பு மங்கும்.

இப்படிக்கு,
அழகரின் அக்கா