ஹமீமாவின் நஞ்சு

2025 செப்டெம்பர் 6, சனி

இன்றைக்கும் விக்ரமன்தான் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தான்.

வெள்ளவத்தையில் என் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசைதான் எங்கள் சனிக்கிழமைக் கதை விளையாட்டின் போர்க்களம். கதையை நடத்துவதும் எதிரிகளுக்காக டைஸ் உருட்டுவதும் நான். விக்ரமனுக்குக் கோடரி, ரொஷேலுக்குக் கேடயம், ஹமீமாவுக்கு நஞ்சு ஊசி. ஊசி ஒருமுறை குத்தினால் நஞ்சு சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போகும். விதிகளெல்லாம் நானே உட்கார்ந்து எழுதியவை. மூன்றும் சமபலம் என்று நினைத்திருந்தேன்.

வழக்கமாக ஹமீமா தன் பச்சை டைஸை இங்கேயே விட்டுப்போவாள். இன்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். படியில் வைத்துச் சொன்னாள்: "வித்யா, அடுத்த கிழம நான் வரல்ல. சும்மா பாத்துக்கொண்டு ஈக்கவா தெமட்டகொடையிலருந்து வாற?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பச்சை டைஸ் அவளோடு போனது.

செப். 8, திங்கள்

ஹமீமா போனால் மேசை கலைந்துவிடும். பிறகு நான் யாரோடு வாய்விட்டுச் சிரிப்பது? ஒஃபிஸ் ஆட்களோடா?

கோடரியின் வலுவைக் குறைத்துவிட்டேன்.

செப். 9

தனியே இருந்து எல்லாப் பக்கமும் நானே விளையாடிப் பார்த்தேன், பழைய கோடரியை வைத்தே. நஞ்சு வென்றது! அடுத்த தரம் கோடரி. பிறகு மறுபடியும் நஞ்சு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் சனிக்கிழமைகளில் என்ன நடக்கிறது? என் தலைக்குள் என்ன களிமண்ணா?

செப். 13, சனி

கெஞ்சிக் கூப்பிட்டதால் ஹமீமா வந்தாள். வந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். கோடரியைக் குறைத்ததில் விக்ரமனின் முகம் உம்மென்று இருந்தது. ஆனாலும் கடைசி அடி அவனுடையதுதான். ஹமீமா முதல் ஆளாக இறங்கிப் போனாள். பிறகு அவன் வெடித்தான்:

"என்ட கோடரியில பிழை இல்ல வித்யாக்கா! ரொஷேல் பேக்கைத் தூக்கின உடன மிருகத்தைச் சாகடிக்கிறது நீங்கதானே. ரெண்டு சுற்றுக்கு மேல எது உசிரோட இருந்தது?"

"ஐயோ, நான் பூசைக்குப் போகோணும். வத்தளை பஸ் எனக்காக நிக்குமா?" என்றாள் ரொஷேல்.



செப். 14

அவன் சொன்னது உண்மை. 2022இல், பெட்ரோலுக்கு நாட்கணக்காகக் கியூவில் நின்ற காலத்தில், ஒரு சண்டையைப் பாதியில் விட்டோம். அதற்குப் பிறகு மாதக்கணக்காகச் சந்திக்க முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தபோது யார் எங்கே நின்றோம் என்றே ஒருவருக்கும் நினைவில்லை. அன்று நால்வரும் சத்தியம் செய்தோம்: தொடங்கிய சண்டையை அன்றைக்கே முடிப்பது.

அதனால்தான் ரொஷேல் பையைத் தொட்டதும் அடுத்து விழும் கோடரி அடியிலேயே எதிரியைச் சாய்த்துவிடுகிறேன். நஞ்சு ஏற நேரம் எங்கே? தனியே விளையாடியபோது ரொஷேலின் பஸ் இருக்கவில்லை. பாவம் விக்ரமன் — கோடரியைப் பழையபடி ஆக்கிவிட்டேன்.

செப். 16

வாட்ஸ்அப்பில் எழுதினேன்: இனிச் சண்டையைப் பாதியில் விடலாம், மேசையைப் படம் எடுத்து வைக்கிறேன். இருவர் ஓம் என்றார்கள். ஹமீமா பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

செப். 20, சனி

வந்தாள்! "இதுதான் கடைசி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

ஆற்றுப் பாலத்தடியில் ஒரு ராட்சத முதலையை விட்டேன். ஹமீமாவின் ஊசி நன்றாக இறங்கியது. ரொஷேல் பையைத் தூக்கினாள். "முதலை செத்துவிட்டது" என்று சொல்ல வாய் வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். முதலை உயிரோடு இருக்க, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

செப். 24, புதன்

ஹமீமாவிடமிருந்து ஒரே வரி: "முதல இன்னம் உசிரோட ஈக்கா?"

அப்பாடா!

செப். 27, சனி

முதலில் விக்ரமனின் முறை. பழைய கோடரி கையில் இருந்தும் அவன் வெட்டவில்லை. "நான் வாலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஹமீமா, நீங்க பாருங்க" என்றான். ரொஷேல் கேடயத்தை முதலையின் வாய்க்குள் திணித்தாள். நஞ்சு ஏறியது, இன்னும் ஏறியது. முதலை மல்லாந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு அங்கிள் வந்து கதவைத் தட்டினார். ரொஷேலுக்குப் பஸ் தவறிவிட்டது. அவள் அதற்கும் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு பார்த்தால் மேசையில் பச்சை டைஸ். மறந்துவிட்டாளோ என்று எழுதிக் கேட்டேன்.

"அங்கயே ஈக்கட்டும்" என்று பதில் வந்தது.