கனவான்கள் படியில் ஏறவும்

ஞாயிறு, இரவு.

அம்மா வேலை செய்யும் அப்பார்ட்மெண்டின் செக்ரட்டரி, போன வாரம் அவளை லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டார். "இங்க கனவான்கள் குடியிருக்காங்கம்மா, நீ படியில போ."

இன்று அம்மாவோடு போனபோது லிஃப்ட் கதவில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்: "கனம் தாங்காது. கனவான்கள் படியில் ஏறவும்." எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

செக்ரட்டரி அதை உரக்கப் படித்துவிட்டுக் கத்தினார். எழுதவே தெரியாத அம்மா, "நான்தான் சார் எழுதுனேன்" என்றாள்.

"நாளைலருந்து வராதே."

நான் பேனாவைச் சுடிதார் பைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் நீலசந்திரா பஸ்ஸில் அம்மா மெல்லக் கேட்டாள். "கனவான்னா என்னடி?"

"நல்ல குடும்பத்துல வளந்த மரியாதையான ஆளுங்கம்மா."

"அவ்வளவுதானா? கெட்ட வார்த்தை எழுதிட்டியோன்னு பயந்துட்டேன்டி" என்று நிம்மதியாக மூச்சுவிட்டாள்.