கோகிலாவுக்கு நான் சூட்டிய குறைகள்

எவ்வளவு கோபித்துக்கொண்டு போனாலும் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிடும் என் பாசமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருசம் ஆகப்போகிறது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. கோழிப்பண்ணையில் நாள் முழுக்க முட்டை அடுக்கிவிட்டு வந்தால் இடுப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உங்கள் தங்கச்சி "கையாலாகாத மனுசன்" என்று சொல்லிக்கொண்டே தைலம் தேய்த்துவிடுகிறாள். கொஞ்ச நேரம் படுங்கள் என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள். எனக்குப் பழகிவிட்டது.

உங்கள் மருமகள், என் மகள் கோகிலாவுக்கு அப்படிப் பழகவில்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது.

சேலத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்கு இன்டர்வியூ. எட்டாவதை இரண்டு முறை எழுதிய எனக்கு பி.காம். முடித்த பிள்ளை! துணைக்குப் போய்க் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டு, "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். கூடப் போன பையன், வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போக மனசு வராது, அதுதான் என் பலவீனம் என்றானாம். நம் ஊரில் அதற்குப் பெயர் பொண்டாட்டிக்குப் பயம்.

நம் பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா?

"நான் கொஞ்சம் மந்தமுங்க. மறதி சாஸ்தி. வாய் செத்தவ."

வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறாள். யார் சொன்னது என்று கேட்டார்களாம். "எங்கப்பா சொல்லுவாருங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளாகத்தான் இதைச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனாலும் சொல்லிப் பார்த்தேன்:

"அட சாமி, அதெல்லாம் கண்ணு படக்கூடாதுன்னு சொல்றது. ஊரே உன்னைய மெச்சறப்ப நானும் சேந்து மெச்சினா ஆவுமா?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு அத யாரும் சொல்லலீங்களேப்பா."



இதற்காக நீங்கள் என்னோடு எத்தனை சண்டை போட்டீர்கள்! அவள் பத்தாவதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது பக்கத்து வீட்டுக்கு மிட்டாய் கொடுக்கப் போனோமே. "உங்க புள்ள கெட்டிக்காரிங்க" என்று அந்த வீட்டு அம்மா சொல்லி முடிப்பதற்குள், "எங்கீங்க, மந்தமுங்க, ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்றேன். தட்டைப் பிடித்துக்கொண்டு கோகிலா பக்கத்திலேயே நின்றாள். வெளியே வந்ததும் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏனுங்க மாப்ள, கண்ணு படும்னா கன்னத்துல ஒரு கருப்புப் பொட்டு வெய்ங்க. புள்ளைய மட்டம் தட்டித்தான் காப்பாத்தோணுமா?"

"உங்களுக்கொரு புள்ள இருந்தாத் தெரியுமுங்க" என்றேன்.

அந்த ஒரு தடவை மட்டும் நீங்கள் சாப்பிட வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஒன்றும் நடக்காததுபோல ரசம் கேட்டீர்கள். மன்னிச்சிருங்க மச்சான். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என் வாயில் என்ன குறைந்திருக்கும்?

முட்டை அடுக்கும்போது யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் முதலாளி தான் சொன்னதை மறந்தால், அவருக்கு ஆயிரம் வேலை. நான் மறந்தால் மறதிக்காரன். அவர் பேசாமல் இருந்தால் அழுத்தமான ஆள். என் பிள்ளை பேசாமல் இருந்தால் வாய் செத்தவள். அடுத்தவர்கள் வைத்த பெயரென்றால் அவர்களோடு மல்லுக்கு நிற்கலாம். இது நானே வைத்தது. யாரோடு போய் நிற்பேன்?

சேலத்திலிருந்து போன் வரவில்லை.

நேற்று சாயங்காலம் முதலாளியே வீட்டுக்கு வந்தார், மகன் கல்யாணப் பத்திரிகையோடு. பேச்சுவாக்கில், பண்ணை ஆபீசில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்றவர், "உங்க பொண்ணு எப்படிங்க?" என்று கேட்டார். பழைய வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். வேறு வார்த்தை தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருசத்தில் சொல்லிப் பழகியிருந்தால்தானே?

"கணக்குல கெட்டிங்க" என்றேன். "தெரியாதத தெரியாதுன்னு சொல்லிருவா. பொய் வராதுங்க."

"அதென்னங்க, போன தடவ மந்தம்னீங்க?"

"மந்தம் நாந்தானுங்க. அவளைத் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் சிரித்துவிட்டு, பார்க்கலாம் என்று சொல்லிப் போய்விட்டார். பார்ப்பாரா, மாட்டாரா, தெரியாது. உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. கோகிலா ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்றாள்.

"அப்பா, அத இன்னொருக்கா சொல்லுங்க."

"எத?"

"அவர்கிட்டச் சொன்னத."

முதலாளியிடம் வந்த வார்த்தை பெற்ற பிள்ளை முகத்தைப் பார்த்து வரவில்லை, மச்சான். இருமல் வந்ததுபோல் இருமிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் மிச்சப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

நாளைக் காலையில் டீ கொண்டுவந்து கொடுப்பாள். டம்ளரை வாங்குவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். கண்ணு பட்டால் படட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியைக் கட்டியவன், கோகிலாவைப் பெற்றவன்