படத்துக்குச் சிரித்தவர்

தன்னைக் கேட்காமல் மனோர் பார்க் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கணவர் ஆனந்தராஜா மூன்று கிழமையாகச் சிவமலரோடு பேசவில்லை. அன்று ஷிப்டுக்குப் புறப்படுமுன் அவள் சீட்டெழுதினாள்.

"இஞ்சாருங்கோ, மீன்குழம்பு அடுப்பில இருக்கு. வீடியோக் கசெற்றை ஆறு மணிக்கு முன்னம் கடையில திருப்பிக் குடுங்கோ. நேற்று அந்தப் படத்தில, புருசனும் பெண்சாதியும் முகம் பாராமல் இருக்க, பக்கத்து வீட்டுச் சோடி வெட்கமில்லாமல் தோட்டத்தில கட்டிப்பிடிச்சு ஆடினதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சனீங்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்களை நினைச்சோ சிரிச்சனீங்கள், வேறெதுக்கோ எண்டு விளங்கேல்லை. அதுதான் எழும்பிப் போனனான்."

அடியில் நெருக்கி எழுதினாள்: "எங்கட பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சனிக்கிழமை தங்கட தோட்டத்து விருந்துக்குக் கூப்பிட்டவை. ஏனெண்டு தெரியாமலே ஓம் எண்டிட்டன். நீங்கள் வராட்டில் தனியப் போவன்."

கடைசி வரியை மட்டும் கோடு போட்டு வெட்டினாள். "நீங்களும் வாங்கோ" என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.